அப்பாவின் மடக்குக் கத்தி

எங்கள் வீட்டில் போன வருஷம் ஒரு சொத்துச் சண்டை நடந்தது. நிலத்துக்காக இல்லை, நகைக்காகவும் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு மடக்குக் கத்திக்காக.

சிரிக்காதீர்கள். அண்ணன் பதினெட்டு நாள் அப்பாவோடு பேசவில்லை.

எங்கள் ஊர் கீரமங்கலம் பக்கம். புதுக்கோட்டை மாவட்டம் என்றால் பாறையும் பொட்டலும்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை ஆலங்குடி தாண்டி வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் வரை வந்து பாருங்கள். செம்மண்ணில் பலாவும் தென்னையும் பூந்தோட்டங்களுமாக வேறு ஒரு புதுக்கோட்டை தெரியும். சீசனில் ரோட்டோரத்தில் பலாப்பழம் குவிந்து கிடக்கும். பஸ் ஜன்னல் மூடியிருந்தாலும் வாசனை உள்ளே வந்துவிடும்.

அங்கே எண்பது வயதில் இன்னமும் தோட்டத்துக்குப் போய்வருகிறார் அப்பா. அவர் இடுப்புச் சுருக்குப் பையில் எப்போதும் இரண்டு சாமான்கள் இருக்கும். ஒன்று வெற்றிலை பாக்கு. இன்னொன்று அந்தக் கத்தி. கொம்புப் பிடி, மூன்று விரல் நீள அலகு. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் பென்சில் சீவியது அதில்தான். நுங்குக் கண் திறந்தது, காலில் ஏறிய முள்ளை எடுத்தது, கல்யாணப் பந்தலில் கயிறு அறுத்தது எல்லாம் அதில்தான்.

அந்தக் கத்தியே ஒரு பரிசாக வந்ததுதான். 1962ல் அப்பா எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தபோது, மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய தாய்மாமா ஊருக்கு வந்திருந்தார். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்தில் இறங்கி, தகரப் பெட்டியோடு வந்தவர், மருமகனுக்கு என்று எடுத்து நீட்டியது இந்தக் கத்தி. அப்பா கையை நீட்டுவதற்குள் அப்பத்தா குறுக்கே வந்துவிட்டதாம்.

"தம்பி, கத்தியக் கையில குடுக்காதப்பா. கீழ வய்யி. ஒறவு அந்து போகும்."

மாமா சிரித்துக்கொண்டே தரையில் வைத்தார். "எங்க தோட்டத்துத் தொரையும் இதையேதான் சொல்லுவாரு அக்கா. அவுக ஊர்ல கத்திய யாரும் ஓசியில வாங்க மாட்டாகளாம். ஒரு காசாவது குடுத்து வெலைக்கு வாங்குன கணக்காக்கிருவாகளாம்."

அப்பத்தா உடனே முந்தானை முடிச்சை அவிழ்த்து அஞ்சு பைசா எடுத்துக் கொடுத்துவிட்டு, "இப்ப எடுத்துக்கடா" என்றதாம். நம்ம ஊர் சாத்திரம், துரை ஊர் சாத்திரம் இரண்டுக்கும் சேர்த்துப் பரிகாரம்.

உப்பு, கத்தி இதையெல்லாம் கைக்குக் கை கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளில் எல்லோரும் கேட்டு வளர்ந்ததுதான். பெரிய சாத்திரம் எல்லாம் தேடாமல் யோசித்தாலும் கத்தி விஷயத்தில் காரணம் புரியும். ஒருவர் பிடியை விடும் முன் இன்னொருவர் இழுத்தால் விரல் போய்விடும். கீழே வைத்து எடுத்தால் அந்தப் பயம் இல்லை. ஆனால் 'உறவு அறும்' என்ற பயம் நமக்கு மட்டும் இல்லை. இங்கிலாந்தில் கத்தி பரிசு வாங்கினால் ஒரு பென்னி திருப்பிக் கொடுப்பார்கள். ஜப்பானில் கத்தியோடு ஐந்து யென் காசு ஒன்றைச் சேர்த்துக் கொடுப்பவர்கள் உண்டு. ஐந்து யென்னுக்கு அவர்கள் மொழியில் 'கோ-என்' என்று பெயர். அதே ஓசைக்கு 'பந்தம்' என்றும் பொருள். பின்லாந்து மட்டும் நேர் எதிர். அங்கே 'பூக்கோ' என்ற சின்னக் கத்தியைப் பரிசாகப் பெறுவது கௌரவம். உன்னை நம்புகிறேன் என்று சொல்வதற்குச் சமம்.

அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் பக்கத்திலேயே ஆயுதம் கொடுத்து உறவு கட்டிய வழக்கம் இருந்திருக்கிறது. வளரி கேள்விப்பட்டிருப்பீர்கள். பிறை வடிவில் வளைந்து, ஒரு முனை கனமாக இருக்கும் எறி ஆயுதம். மரத்திலும் செய்வார்கள், இரும்பிலும் செய்வார்கள். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் ஆயுதக் கிடங்கில் அதை எப்போதும் இருப்பு வைத்திருந்தார்கள் என்று சமஸ்தானத்துத் திவான் சொன்ன தகவலை, எட்கர் தர்ஸ்டன் 1909ல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலில் சேர்த்திருக்கிறார். கள்ளர் சமூகத்துக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் வளரித் தடியை மாற்றிக்கொள்ளும் வழக்கத்தையும் அதே நூல் சொல்கிறது. நாம் தாம்பூலம் மாற்றுகிற இடத்தில் அவர்கள் ஆயுதம் மாற்றியிருக்கிறார்கள்!

வளரியைப் பற்றி எனக்கு மறக்கவே முடியாத கதை ஒன்று உண்டு. ஜேம்ஸ் வெல்ஷ் என்று ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரி. இளம் வயதில் மதுரைப் பக்கம் வேலை பார்த்தபோது, சிறுவயலில் இருந்த சின்ன மருதுவோடு பழகினார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். சில வருஷத்தில் யுத்தம் வந்தது. கற்றுக்கொடுத்தவரை வேட்டையாடும் படையில் கற்றுக்கொண்டவர் இருந்தார். 1801 அக்டோபர் 24ஆம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். வெல்ஷின் நினைவுக் குறிப்புகள் வெளிவந்தது 1830ல். ஏறக்குறைய முப்பது வருஷம் கழித்தும், எதிரியாகிப்போன அந்த மனிதர் தனக்குச் செய்த உபசாரத்தையும் சொல்லிக்கொடுத்த வித்தையையும் அவர் விட்டுவிடாமல் எழுதியிருக்கிறார். அந்த உறவை அறுத்தது யுத்தம். வளரி பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கையை யுத்தத்தாலும் மறக்கடிக்க முடியவில்லை.

சரி, எங்கள் வீட்டுக் கத்திக்கு வருகிறேன்.

ஊரில் அப்பாவுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அந்தக் கத்தியால் அவர் செய்த ஒட்டு. பலாக்கொட்டையை ஊன்றினால் மரம் வரும். ஆனால் தாய் மரத்தின் ருசி அப்படியே வரும் என்று சொல்ல முடியாது. தேன் மாதிரிப் பழம் காய்க்கும் மரத்தின் கொட்டையில் இருந்து சப்பென்று ஒன்று முளைத்து வரலாம். அதே ருசி வேண்டும் என்றால் ஒட்டுத்தான் கட்ட வேண்டும். கொட்டையில் முளைத்த கன்றின் தலையைச் சீவி, தண்டின் நடுவில் பிளவு போட வேண்டும். நல்ல மரத்தில் இருந்து பென்சில் கனத்தில் ஒரு குச்சி எடுத்து, அதன் அடியை ஆப்பு மாதிரி இரண்டு பக்கமும் சீவி, அந்தப் பிளவில் இறக்க வேண்டும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிசாக ஒரு பச்சை அடுக்கு இருக்கும். இரண்டு பச்சையும் ஒன்றோடு ஒன்று தொட்டால்தான் உயிர் பிடிக்கும். அப்புறம் பாலித்தீன் நாடாவால் இறுக்கிச் சுற்றிவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் கத்திதான் எல்லாம். ஒரே இழுப்பில் சீவ வேண்டும். மொண்ணைக் கத்தியால் இரண்டு மூன்று தரம் இழுத்தால் தண்டு நசுங்கிவிடும். நசுங்கின இடத்தில் ஒட்டு பிடிக்காது, அழுகும். அப்பா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து கல்லில் கத்தி தீட்டுகிற சத்தம்தான் எங்களுக்குத் தாலாட்டு. முழங்கை ரோமத்தில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் மடக்குவார்.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா வந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தத் தேதி பிறந்தநாள் மாதிரி மனப்பாடம். விடிந்து கதவைத் திறந்தபோது, தோட்டத்தில் எப்போதும் தெரியாத தூரத்து ரோடு தெரிந்தது. நடுவில் இருந்த மரங்கள் எல்லாம் படுத்துக் கிடந்தன. எங்கள் அய்யா நட்ட பெரிய பலா வேரோடு சாய்ந்திருந்தது. அதன் பழத்தை நம்பித்தான் அப்பா எங்களுக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியிருக்கிறார்.

அன்றைக்கு ஊரே தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அப்பா மட்டும் அந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து நுனிக் குச்சிகளாகப் பார்த்து வெட்டிக்கொண்டிருந்தார். ஈரத் துணியில் சுற்றி, வாழைப் பட்டையில் கட்டி வைத்தார். வழக்கமாக ஒட்டுக்குச்சி எடுப்பதற்குப் பத்து நாள் முன்பே இலையைக் கிள்ளிவிட்டு மொட்டைத் தயார் செய்வார்கள். புயல் அந்த அவகாசத்தைத் தரவில்லை. அறுபது கன்று கட்டினார். பதினாலு பிடித்தது.

அந்த அறுபதையும் அப்பா தனியாகக் கட்டவில்லை. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த வந்த கூலிக்காரர் ஒருவரின் மகன் கூடவே வந்திருந்தான். பதினேழு வயசு, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பையன். அப்பா சீவுவதையே பார்த்துக்கொண்டு நின்றவனைக் கூப்பிட்டு நாடா சுற்றச் சொல்லியிருக்கிறார். நாலாம் நாள் கத்தியையே அவன் கையில் கொடுத்துவிட்டார். நாங்கள் மூன்று பேரும் வளர்ந்த அத்தனை வருஷத்தில் அந்தக் கத்தியால் ஒட்டுக்கட்ட எங்கள் யாரிடமும் கொடுத்ததில்லை. உண்மையைச் சொன்னால், நாங்களும் கேட்டதில்லை. படித்து வெளியே போகிற அவசரம் எங்களுக்கு.

அந்தப் பையன் இப்போது வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். பலா, மா ஒட்டுக்கன்று விற்கிறான். அப்பாவுக்கு இரண்டு வருஷமாகக் கை நடுங்குகிறது. ஒட்டு என்றால் இனிமேல் அவன்தான்.

போன ஆயுத பூஜைக்கு நான் திருச்சியில் இருந்து ஊருக்குப் போயிருந்தேன். அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை, மோட்டார் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. மனைப் பலகையில் நடுநாயகமாக அந்தக் கத்தி. சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் வீடியோ காலில் பூஜை பார்த்துக்கொண்டிருந்தார். சூடம் காட்டி முடித்ததும் அப்பா வாசலில் நின்ற பையனைக் கூப்பிட்டார்.

"எடுத்துக்கப்பா. இனிமே இது ஒன்னோடது."

அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். "ஐயா... வேணாங்கய்யா." போனுக்குள் இருந்து அண்ணன் குரல் வந்தது. "அப்பா, அத நான் கேட்டிருந்தேன்ல?" அப்பா போனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கத்தியை எடுத்து வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். வீடியோ கால் கட்டாகிவிட்டது. உறவு அறுவது என்றால் என்ன என்று அப்பத்தா இருந்திருந்தால் போனைக் காட்டியே சொல்லியிருக்கும்.

அண்ணனை நான் குறை சொல்ல மாட்டேன். பிறகு நான் பேசியபோது அவர் சொன்னது இதுதான்: "அது அப்பா கையிலயே இருந்த சாமான்த்தா. கண்ணாடிப் பெட்டி செஞ்சு ஹால்ல வைக்கணும்னு இருந்தேன். வேலைக்கு வந்தவனுக்குத் தூக்கிக் குடுத்துட்டாரே." பெற்றவர்களை வருஷத்துக்கு ஒரு தரம் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு ஞாபகப் பொருள் எவ்வளவு பெரிசு என்பது வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். எனக்கும் உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்தது. அது வேறு கோபம். அண்ணனுக்கா, தம்பிக்கா, வெளியாளுக்கா என்று எல்லோரும் பேசினார்கள். 'பொண்ணுக்கு வேணுமா?' என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. நான் அப்பாவிடம் கேட்டேவிட்டேன்.

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து நிதானமாகச் சொன்னார். "குடுத்தா நீ என்னத்தா பண்ணுவ?"

எனக்குப் பதில் இல்லை. அலமாரியில் வைத்திருப்பேன். அவ்வளவுதான்.

"அலமாரியில வச்சா ஒரு மழக்காலம் தாங்காது, துரு ஏறிரும். தெனம் தொடைக்கிற கையில இருந்தாத்தான் அது கத்தி. ஒங்களுக்கு நெலம் இருக்கு, வீடு இருக்கு, பிரிச்சுக்கங்க. இது தொழில் தெரிஞ்சவனுக்கு."

இதைக் கேட்டபோது எனக்கு நம் பழைய ஈமச் சின்னங்கள் ஞாபகம் வந்தன. சித்தன்னவாசலுக்கு ஓவியம் பார்க்கப் போகிறவர்கள் சுற்றுவட்டாரத்தில் கல்வட்டங்களையும் பார்த்திருப்பீர்கள். எல்லாம் பெருங்கற்காலத்து மனிதர்களின் புதைகுழிகள். அந்தக் காலத்துக் குழிகளிலும் தாழிகளிலும் தமிழ்நாடு முழுக்கக் கத்தி, வாள், ஈட்டி என்று இரும்புச் சாமான்கள் கிடைத்திருக்கின்றன. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் ஐயாயிரம் வருஷத்துக்கும் முந்தியது என்று 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்தது நினைவிருக்கும். ஒரு மனிதன் ஆசையாக வைத்திருந்த கத்தியை அவனோடே அனுப்பிவைப்பது ஒரு மரியாதை. ஆயிரமாயிரம் வருஷம் கழித்து நாம் தோண்டி எடுக்கும்போது அது துருக்கட்டியாகத்தான் வருகிறது. அப்பா வேறு மரியாதையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். தான் இருக்கும்போதே, தன் கண் முன்னாலேயே, அது வேலை செய்வதைப் பார்க்க வேண்டும் என்று.

எல்லோர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கும். கத்தியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அம்மாவின் தையல் கத்தரிக்கோல், தாத்தாவின் பாக்குவெட்டி, பெரியப்பாவின் உளி. 'எனக்கப்புறம் யாரோ எடுத்துக்கட்டும்' என்று விட்டுவிடாதீர்கள். உங்கள் கை தெம்பாக இருக்கும்போதே கொடுங்கள். கேட்கிறவர் எத்தனை பேர் என்று பார்க்காமல், எந்தக் கை அதைப் பிடிக்கும் என்று பாருங்கள். மற்ற பிள்ளைகளுக்கு அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எங்கள் அப்பா செய்த ஒரே தப்பு அதுதான். வாசற்படியில் வைப்பதற்கு முன் அண்ணனுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்.

கத்தி கொடுப்பதாக இருந்தால் இன்னும் சில விஷயம். மொண்ணையாகக் கொடுக்காதீர்கள், தீட்டிக் கொடுங்கள். மொண்ணைக் கத்திதான் அழுத்தும்போது வழுக்கி விரலை வெட்டும். பழைய கத்திகள் பெரும்பாலும் துருப்பிடிக்கிற இரும்பு. துடைத்து, கீல் இடுக்கில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் கொடுங்கள். பலாப் பால் அப்பிக்கொண்டால் தண்ணீருக்குப் போகாது, தேங்காய் எண்ணெய்தான் மருந்து. சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் கத்தியோடு உங்கள் நேரத்தையும் சேர்த்துக் கொடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, உடம்புப் பக்கம் இழுக்காமல் வெளிப்பக்கம் சீவப் பழக்க வேண்டும். விமானத்தில் எடுத்துப் போவதானால் கைப்பையில் வைக்காதீர்கள், செக்-இன் பெட்டியில் போடுங்கள். ஒரு தரம் அப்பா இடுப்பிலேயே வைத்துக்கொண்டு விமான நிலையத்துக்குள் போய்விட்டார். வழியனுப்ப வந்த என் வீட்டுக்காரர் வெளியே காத்திருந்ததால் கத்தி தப்பியது!

அண்ணன் பொங்கலுக்கு வந்தார். வந்த மறுநாள் காலையில் அந்தப் பையன் வந்து நின்றான். கையில் ஒரு பலா ஒட்டுக்கன்று. அய்யா நட்ட மரத்தின் வம்சம். பிடித்த பதினாலில் ஒன்றிலிருந்து குச்சி எடுத்து அவன் கட்டியது. கன்றைக் கீழே வைத்துவிட்டு, சட்டைப் பையில் இருந்து கத்தியையும் எடுத்துத் திண்ணையில் வைத்தான்.

"அண்ணே, இது ஒங்க வீட்டுச் சாமான். நீங்களே வச்சுக்கங்க. எனக்கு வேற கத்தி வாங்கிக்குவேன்."

அண்ணன் கத்தியை எடுத்துப் பிரித்தார். அலகு பளபளவென்று இருந்தது. அப்பா செய்கிற மாதிரியே முழங்கையில் ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். சுத்தமாகச் சிரைத்தது. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அந்தக் கன்றின் ஒட்டுப் போட்ட இடத்தைக் குனிந்து பார்த்தார். இரண்டு தண்டும் சேர்ந்த இடத்தில் தழும்பு மட்டும்தான் இருந்தது. அதற்கு மேலே புதுத் தளிர்.

அப்புறம் கத்தியை மடக்கித் திண்ணையில் வைத்தார். அவன் கையில் கொடுக்கவில்லை.

"எடுத்துக்க தம்பி. ஆனா ஓசியில இல்ல. ஒரு ரூவா குடு."

பையன் பையைத் துழாவினான். காசு இல்லை. நான் உள்ளே போய்ப் பர்ஸைப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. இந்தக் காலத்தில் யார் கையில் ஒரு ரூபாய் நாணயம் இருக்கிறது? கடைசியில் அவன் போனை எடுத்து, "நம்பர் சொல்லுங்கண்ணே" என்றான். டிங் என்று ஜிபேயில் ஒரு ரூபாய் வந்து விழுந்தது.

கண்ணாடிப் பெட்டி செய்யவில்லை. அந்த ஒரு ரூபாய் வந்ததன் ஸ்கிரீன்ஷாட் மட்டும் அண்ணனின் போனில் பத்திரமாக இருக்கிறது. கன்றை அய்யாவின் மரம் இருந்த குழியிலேயே நட்டிருக்கிறோம். வாரா வாரம் வீடியோ காலில் அண்ணன் முதலில் கேட்பது, "கன்னு எவ்வளவு ஒசரம் வந்திருக்கு?"

பதில் சொல்ல அப்பா போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்கே போய்விடுகிறார்.